475 டாலர் விலையிட்ட சிறுமி

கொஞ்சம் நீளமான பதிவு. வேலைக்கு நடுவில் படிக்க வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

நம் குடும்பக் கொடிவழியைப் பெரிய தாளில் வரைந்து, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். ஐந்து தலைமுறை. உழைப்பு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அதில் ஒரு பாட்டி பெயர்கூட இல்லை. ஆண்களுக்கே ஆண்கள் பிறந்தது போல மேலிருந்து கீழே கோடு இறங்குகிறது. கேட்டேன். "பொம்பளைங்க பேரெல்லாம் இப்ப போய் யார்கிட்ட கேக்கறது சித்தப்பா? எழுத்துல எதுவும் இல்லையே" என்று பதில் வந்தது. எழுத்தில் இல்லாத பெயரைத் தேட முடியுமா, முடியாதா? இந்தக் கேள்விக்கு நான் படித்த ஒரு அமெரிக்கக் கதை நல்ல பதிலாக இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு.

என்னிடம் படித்தவர்களுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவிருக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம். அடிமைகள் விடுதலைப் பிரகடனம் எந்த ஆண்டு? 1863. ஒரு மதிப்பெண். இன்று அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அவள் பெயர் மெல்வினியா. மிஷேல் ஒபாமாவின் அம்மா வழித் தாத்தாவுடைய தாத்தாவைப் பெற்றவள்.

முதலில் அந்த ஊரைப் பற்றி. அமெரிக்காவின் தெற்கு என்றதும் நம் மனதில் வருவது 'கான் வித் த விண்ட்' படம்தான். வெள்ளைத் தூண்கள் வைத்த மாளிகை, கண்ணுக்கெட்டிய தூரம் பருத்தி, நூற்றுக்கணக்கில் அடிமைகள். அந்தக் கதையில் வரும் தாரா என்ற பண்ணை ஜார்ஜியா மாநிலத்தின் கிளேட்டன் கவுண்டியில் இருப்பதாக மார்கரெட் மிட்செல் எழுதியிருப்பார். (கவுண்டி என்பது நம் மாவட்டத்தைவிடச் சிறியது, தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்திரப்பதிவு, உயில், வரி, கல்யாணப் பதிவு எல்லாம் அங்கேதான்.) தாரா கற்பனை. அதே கிளேட்டன் கவுண்டியில் ரெக்ஸ் என்ற ஊரில் உண்மையாகவே ஒரு பண்ணை இருந்தது. ஹென்றி ஷீல்ட்ஸ் என்பவருடையது. 200 ஏக்கர். 1860-ல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பு அந்தப் பண்ணையை அப்படியே காட்டுகிறது: 3 குதிரை, 5 பசு, 17 பன்றி, 20 செம்மறி. பயிர் கோதுமை, சோளம், சர்க்கரைவள்ளி, பருத்தி. அடிமைகள் மூன்று பேர்.

தெற்கின் பெரும்பாலான பண்ணைகள் இப்படித்தான் இருந்தன. வெள்ளையர் குடும்பங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் அடிமை வைத்திருந்தது. வைத்திருந்தவர்களிலும் சுமார் பாதிப்பேரிடம் ஐந்துக்கும் குறைவானவர்களே. முதலாளியும் வெயிலில் நிற்பார், அவர் பிள்ளைகளும் களை எடுப்பார்கள், அடிமையும் அதே காட்டில். ஒரே கிணற்றுத் தண்ணீர். மாளிகைப் பண்ணையைவிட இது நல்லது என்று சொல்ல வரவில்லை. சின்னப் பண்ணையில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. தன் இனத்தில் துணைக்கு ஆள் கிடையாது. ஒரு சிறுமிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை மேலே படிக்கும்போது நினைவில் வையுங்கள்.

நிலம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஜார்ஜியா விவசாயக் குடும்பங்களின் வம்சாவளி பல நேரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1821 ஜனவரியில் கிரீக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் பெரும் நிலப்பரப்பை வாங்கினார்கள். அதைச் சதுரம் சதுரமாக அளந்து, குலுக்கல் சீட்டு போட்டு வெள்ளையர்களுக்குக் கொடுத்தார்கள். 1805 முதல் 1833 வரை ஜார்ஜியாவில் எட்டுக் குலுக்கல் நடந்திருக்கிறது. 1821 குலுக்கலில் இந்தப் பகுதியில் ஒரு சீட்டுக்கு 202½ ஏக்கர். நம் ஊரில் பிடி அரிசிச் சீட்டு குலுக்குவது மாதிரி அங்கே நாட்டையே குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு விழுந்தவன் பெயர், அவன் எந்த ஊர், மனைவி பிள்ளை உண்டா, விதவையா, அநாதைப் பிள்ளைகளா, எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது. இன்று தாத்தாவைத் தேடும் வெள்ளையர்களுக்கு அது பெரிய புதையல். நிலத்தை இழந்தவர்களின் பெயர் அந்தப் பதிவேட்டில் கிடையாது.

வெள்ளை விவசாயக் குடும்பத்துக்கு எவ்வளவு காகிதம் கிடைக்கும் என்பதற்கு ஜிம்மி கார்ட்டர் குடும்பம் நல்ல உதாரணம். அதே ஜார்ஜியா, சம்டர் கவுண்டி, பிளெயின்ஸ் என்ற சிற்றூர், நிலக்கடலை விவசாயம். அவருடைய கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் தெற்குப் படையின் பீரங்கிப் பிரிவில் இருந்தார். தாத்தா 1903-ல் ஒரு மேசை யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் சுடப்பட்டு இறந்தார். மேசை! கார்ட்டர் தன் சிறுவயது நினைவுகளில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். முன்னோர் அடிமை வைத்திருந்ததையும் மறைக்கவில்லை. உயில், நிலப்பத்திரம், வரிப் பதிவேடு, படைப் பட்டியல், குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் பிறப்பு இறப்புக் குறிப்பு என்று அவர்களுக்கு ஒவ்வொரு படிக்கும் ஒரு தாள் இருக்கிறது. (இவருடைய அம்மா லில்லியன் 1960-களில் அமைதிப் படைத் தொண்டராக பம்பாய் பக்கம் விக்ரோலியில் செவிலியராக வேலை பார்த்தவர். போகிற போக்கில் சொல்கிறேன்.)

இனி மெல்வினியா. அவளுடைய கதையைத் தேடியவர் மேகன் ஸ்மோலெனியாக் என்ற வம்சாவளி ஆய்வாளர். 2009 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டது. பிறகு அந்தப் பத்திரிகையின் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் மேலும் தேடி 2012-ல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார்.

தேடுபவர்கள் எப்போதும் இன்றிலிருந்து பின்னால்தான் நடப்பார்கள். மிஷேலின் அம்மா மரியன், பிறப்பால் ஷீல்ட்ஸ் குடும்பம். மரியனின் அப்பா பர்னெல் ஷீல்ட்ஸ், சிகாகோவில் குடியேறியவர். அவருடைய அப்பா ராபர்ட் லீ ஷீல்ட்ஸ். அவருடைய அப்பா டால்ஃபஸ் ஷீல்ட்ஸ், அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் தச்சர். இதுவரைக்கும் வழுக்காமல் போகலாம். கணக்கெடுப்பு இருக்கிறது, கல்யாணப் பதிவு இருக்கிறது, இறப்புச் சான்று இருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம் மட்டும் உண்டு: 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் ஒரு அரசுக் கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்து அது பெரும்பாலும் பாழாகிப்போனது. தப்பியதையும் பிறகு பயனில்லை என்று அழித்துவிட்டார்கள். அதனால் 1880-க்கும் 1900-க்கும் இடையில் இருபது வருஷம் இருட்டு. அந்த இருபது வருஷத்தில் பிறந்து, கல்யாணமாகி, இறந்தே போன ஒரு மருமகளை எந்தக் கணக்கெடுப்பிலும் பார்க்க முடியாது.

அதையும் தாண்டி 1870-க்கு வந்தால் சுவர். கறுப்பினக் குடும்பங்களைத் தேடுகிற எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. காரணம் எளிது. அமெரிக்காவில் 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-ல்தான் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கினார்கள். ஆனால் சுதந்திர மனிதர்கள் பெயரை மட்டும். அடிமைகளுக்குத் தனிப் படிவம். அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். கறுப்புக்கு ஒரு எழுத்து, கலப்புக்கு ஒரு எழுத்து. பெயருக்குக் கட்டமே இல்லை. 1860-லும் அப்படியே. அந்த ஆண்டு அமெரிக்காவில் அடிமைகள் 39,53,760 பேர், ஜார்ஜியாவில் மட்டும் 4,62,198. இவ்வளவு துல்லியமாக எண்ணத் தெரிந்த அரசாங்கம் ஒருவர் பெயரையும் கேட்கவில்லை. அடிமைகளாக இருந்தவர்களின் பெயர் முதன்முதலாகத் தேசக் கணக்கெடுப்பில் வந்தது 1870-ல்தான்.

1870 கணக்கெடுப்பில் மெல்வினியா இருக்கிறாள். சுதந்திரம் கிடைத்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அதே ஊர். பண்ணைக் கூலி. ஹென்றி ஷீல்ட்ஸின் மகன் சார்லஸ் ஷீல்ட்ஸின் நிலத்துக்கு அடுத்த நிலம். நாலு பிள்ளைகள். அதில் மூன்று பேருக்கு எதிரே 'முலாட்டோ' என்று எழுதியிருக்கிறது, அதாவது கலப்பு. மூத்தவன் டால்ஃபஸ்.

இதற்கு முன்னால் அவள் எங்கே இருந்தாள்? இங்கேதான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. அடிமை என்பவர் சொத்து. சொத்து எப்படிக் கைமாறும்? விற்பனையில், கடனில், பாகப்பிரிவினையில், சீதனத்தில். ஆகவே அடிமையின் வேரைத் தேடுகிறவர் அடிமையைப் பற்றிய தாளைத் தேடக்கூடாது, முதலாளியின் சொத்துத் தாளைத் தேடவேண்டும். அதிலும் முதலாளி அம்மாவின் பிறந்த வீட்டைப் பார்க்கவேண்டும். நம் ஊரில் பத்திரம் பார்க்கும் வக்கீலுக்கு இது சட்டென்று புரியும். மூலப்பத்திரம் கணவன் வீட்டில் கிடைக்காவிட்டால் மாமனார் வீட்டில் கிடைக்கும்.

ஹென்றி ஷீல்ட்ஸின் மனைவி கிறிஸ்டியான். அவளுடைய தகப்பனார் டேவிட் பேட்டர்சன், தெற்குக் கரோலினா மாநிலம் ஸ்பார்ட்டன்பர்க்கில் இருந்தவர். அவர் பண்ணையில் 21 அடிமைகள். 1850-ல் பேட்டர்சன் உயில் எழுதினார். ராட்டை யாருக்கு, அரிவாள் யாருக்கு, மேசை விரிப்பு யாருக்கு, மாடு யாருக்கு என்று பிரித்துக்கொண்டே வருகிறார். அந்த வரிசையில் ஒரு நீக்ரோச் சிறுமி, பெயர் மெல்வினியா. அப்போது அவளுக்கு வயது ஆறு. 1852-ல் அவர் இறந்தார். சொத்துக்கு மதிப்புப் போட்டார்கள். மெல்வினியாவுக்கு எதிரே 475 டாலர்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. 475 டாலர் அந்தக் காலத்தில் சின்னத் தொகை இல்லை. எட்டு வயதுக் குழந்தைக்கு ஏன் அவ்வளவு விலை? தெற்கின் உயில்களில் அடிக்கடி வரும் ஒரு வாசகம் பதில் சொல்கிறது. பெண் அடிமையை எழுதிவைக்கும்போது அவளையும் இனி அவளுக்கு உண்டாகும் 'பெருக்கத்தையும்' சேர்த்தே எழுதிவைப்பார்கள். பசுவை எழுதிவைத்தால் கன்றும் சேர்ந்ததுதானே, அந்தக் கணக்கு. அதோடு அடிமைத்தாய்க்குப் பிறந்த பிள்ளை யாருக்குப் பிறந்ததானாலும் அடிமையே என்பது சட்டம். ஆகவே தகப்பன் யார் என்று யாரும் எழுதவேண்டிய அவசியமே எழவில்லை. இதுதான் பின்னால் தேடுகிறவர்களுக்குப் பெரிய முடிச்சாகிறது.

ஆனால் கவனியுங்கள், மெல்வினியா என்ற பெயர் நமக்குக் கிடைத்ததே அந்தக் கேவலமான பட்டியலால்தான். அவளை மனுஷியாகக் கணக்கெடுத்த அரசாங்கப் படிவத்தில் பெயர் இல்லை. பொருளாகக் கணக்கெடுத்த உயிலில் பெயர் இருக்கிறது.

பேட்டர்சன் இறந்த பிறகு அவள் ஜார்ஜியாவுக்கு அனுப்பப்பட்டாள். இன்றைய சாலையில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். அப்போது மாட்டுவண்டியோ, நடையோ. எட்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள், நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. பழகிய முகம் 21-லிருந்து ஒரேயடியாக மூன்று பேர் இருக்கும் பண்ணை. அம்மா யார், கூட வந்தாளா, வழியனுப்பினாளா என்பதற்கு எந்தத் தாளும் இல்லை.

1859 வாக்கில் டால்ஃபஸ் பிறக்கிறான். அப்போது மெல்வினியாவுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். குழந்தையின் தகப்பன் வெள்ளையன். வீட்டில் ஹென்றி ஷீல்ட்ஸுக்கு நாற்பதுகளின் பிற்பகுதி. பத்தொன்பதிலிருந்து இருபத்துநாலு வயதுக்குள் நாலு மகன்கள். 2009-ல் கட்டுரை வந்தபோது தகப்பன் யார் என்று சொல்ல முடியவில்லை. ஸ்வார்ன்ஸ் இரு பக்கத்து வாரிசுகளையும் தேடிப்போனார். வெள்ளை ஷீல்ட்ஸ் குடும்பத்தில் சிலர் தயங்கினார்கள். நம் முன்னோர் இப்படிச் செய்தார் என்று ஊர் பேசுமே என்ற பயம். சிலர் துணிந்து மரபணுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். முடிவு 2012-ல் வெளிவந்தது. இரண்டு குடும்பமும் ஒரே ரத்தம். தகப்பன் பெரும்பாலும் ஹென்றியின் மகன் சார்லஸாக இருக்கவேண்டும், இருபதை ஒட்டிய வயதுக்காரர். பிறகு அவர் பள்ளி ஆசிரியராகவும் இருந்தாராம். ஆசிரியர் என்று படித்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதைக் காதல் என்று எழுதுகிறவர்களும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகும் அவள் அங்கேயே இருந்தாள், நாலு வருஷம் கழித்து இன்னொரு பிள்ளையும் பிறந்தது, ஆகவே ஏதோ பிரியம் இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல உரிமை இல்லாத பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. சரி, 1865-க்குப் பிறகு ஏன் போகவில்லை? எங்கே போவாள்? கையில் பிள்ளைகள். எழுத்து தெரியாது. நிலம் இல்லை. அந்தக் கவுண்டியில்தான் 1864 ஆகஸ்ட் கடைசியில் ஜோன்ஸ்பரோ சண்டை நடந்து, அட்லாண்டா வீழ்ந்தது. ஊரே கருகிக் கிடந்தது. 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கடற்கரையோர நிலங்களைக் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வீதம் விடுதலையானவர்களுக்கு ஒதுக்கி ஆணை போட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிவிட்டார். உள்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்த ஒதுக்கீடுகூட இல்லை. மிஞ்சியது கூலி வேலை, இல்லையென்றால் வாரம். விதை, ஏர், மாடு எல்லாம் நிலக்காரன் கொடுப்பான். விளைச்சலில் பாதி அவனுக்கு. மீதிப் பாதியில் கடைக் கடனைக் கழித்தால் அடுத்த வருஷத்துக்கும் அதே நிலத்தில் கட்டுண்டு கிடக்கவேண்டியதுதான். நம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அவள் ஒருநாள் கிளம்பினாள். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முப்பதுகளிலோ நாற்பதுகளிலோ மெல்வினியா ரெக்ஸை விட்டு அட்லாண்டாவுக்கு வடமேற்கே பார்ட்டோ கவுண்டிக்குப் போய்விடுகிறாள். கணக்கெடுப்பில் ஊர் மாறுகிறது, அவ்வளவுதான் தெரியும். ஆனால் அங்கே பக்கத்தில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் மரியா, போலஸ் ஈஸ்லி என்ற தம்பதி. இவர்கள் வேறு யாருமில்லை. தெற்குக் கரோலினாவில் பேட்டர்சன் பண்ணையில் அவளோடு இருந்தவர்கள். எட்டு வயதில் பிரிந்தவள், கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, எழுதப் படிக்கத் தெரியாமல், கடிதமும் போட முடியாமல், வேறொரு மாநிலத்தில் அவர்களைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டிருக்கிறாள். அவள் மகன் டால்ஃபஸ் அவர்கள் மகள் ஆலிஸைக் கல்யாணம் செய்துகொண்டான். மிஷேல் ஒபாமா அந்த வழியில் வந்தவர்.

எப்படிக் கண்டுபிடித்திருப்பாள்? அவள் விஷயத்தில் தாள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும் எப்படித் தேடினார்கள் என்பது தெரியும். நியூ ஆர்லியன்ஸில் ஒரு கிறிஸ்தவப் பத்திரிகை 1879-லிருந்து 'தொலைந்த உறவுகள்' என்று ஒரு பகுதி நடத்தியது. கட்டணம் 50 சென்ட். என் அம்மா பெயர் இது, இன்னாரிடம் இருந்தோம், இன்னாருக்கு விற்றார்கள், அண்ணன் பெயர் இது, கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில் என்று எழுதிப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் அதைக் கோயிலில் உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாத கூட்டத்துக்கு அதுதான் வழி. முப்பது நாற்பது வருஷம் கழித்தும் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன.

இன்னொரு புதையலும் உண்டு. விடுதலையானவர்களுக்காக 1865-ல் ஒரு சேமிப்பு வங்கி தொடங்கினார்கள். 1874-ல் அது மூழ்கி, ஏழைகளின் பணமும் போயிற்று. ஆனால் அதன் கணக்கேடுகள் மிஞ்சின. கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காண வங்கி என்ன செய்தது தெரியுமா? உன் அப்பா பெயர், அம்மா பெயர், கூடப்பிறந்தவர்கள், பிறந்த ஊர், பழைய எஜமான் பெயர் என்று கேட்டு எழுதிவைத்தது. பணம் போனது, பெயர்கள் தங்கின. அந்த ஏடுகளைக் கணினியில் ஏற்றி 2001-ல் வெளியிட்டார்கள். ஏற்றியவர்கள் பெரும்பாலும் யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள். பதினொரு வருஷ வேலை. அடைபட்டிருந்தவர்கள் உட்கார்ந்து, விடுபட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள்.

தேட நினைக்கும் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு குறிப்பு. ஊர் நகராது, எல்லை நகரும். கிளேட்டன் கவுண்டி 1858-ல்தான் ஃபேயெட், ஹென்றி என்ற இரண்டு கவுண்டிகளிலிருந்து பிரிந்தது. மெல்வினியா வந்து சேர்ந்தபோது அந்தப் பெயரே இல்லை. திண்டுக்கல்காரர் ஒருவரின் 1980-ஆம் ஆண்டுத் தாளை மதுரை மாவட்டக் கட்டில் தேடவேண்டும் இல்லையா, அதே கதை. பெயரும் நகரும். மெல்வினியா பிற்காலத்தில் மேட்டி ஆனாள், மெக்ரூடர் என்ற குடும்பப் பெயரும் சேர்ந்துகொண்டது. ஷீல்ட்ஸ் என்று மட்டும் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள்.

பார்ட்டோ கவுண்டியில் கிங்ஸ்டன் என்ற சிற்றூரில் அவள் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியாக இருந்தாள். தன் பேறுகாலத்துக்கு யார் கை கொடுத்தார்களோ தெரியாது, ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் கை கொடுத்திருக்கிறாள். டால்ஃபஸ் தச்சு வேலை கற்றுக்கொண்டு, 1871-ல்தான் உருவாகி இரும்பாலைகளால் வளர்ந்துகொண்டிருந்த பர்மிங்ஹாமுக்குப் போனார். விவசாயக் கூலிக் குடும்பம் அத்தோடு மண்ணைவிட்டுக் கிளம்பிவிட்டது. 1911-க்குள் சொந்தமாகத் தச்சுப்பட்டறையும் கருவிகளுக்குச் சாணை பிடிக்கும் கடையும் வைத்துவிட்டார். இரண்டு தேவாலயங்களை நிறுவியவர்களில் அவர் ஒருவர்.

2012-ல் ரெக்ஸில் மெல்வினியாவுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். பண்ணை இருந்த இடம் இப்போது வீட்டு மனைகளாகிவிட்டது. கறுப்பு, வெள்ளை இரண்டு பக்கத்து ஷீல்ட்ஸ் வாரிசுகளும் வந்திருந்தார்கள். ஆறாவது ஏழாவது தலைமுறையில் முதல்முறையாக ஒருவரையொருவர் சொந்தம் என்று பார்த்துக்கொண்டார்கள்.

கொடிவழி வரைந்த பிள்ளைக்கு: நம் பாட்டிகளின் பெயர் பத்திரத்தில் இருக்காது, உண்மைதான். ஆனால் சீதன நிலம் இருந்தால் அந்தச் செட்டில்மெண்டில் இருக்கும். பாகப்பிரிவினையில் 'இன்னார் மனைவி இன்னார்' என்று கைநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கல்யாண மொய் நோட்டில் இருக்கும். குலதெய்வக் கோயில் வரிக் கணக்கில் சில இடத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், தொண்ணூறைத் தொட்ட நம் பெரியத்தை இன்னும் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், நினைவு மந்தமில்லை. பொங்கலுக்குள் ஒரு நோட்டோடு போய் உட்காருங்கள். நானும் வருகிறேன்.

மெல்வினியா 1938-ல் இறந்தாள். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர், தாய் பெயர் என்று இரண்டு கட்டம் உண்டு. விவரம் கொடுத்த உறவினர் அதற்குச் சொன்ன பதிலை எழுத்தர் அப்படியே எழுதியிருக்கிறார்: தெரியாது.